கழுத்து முறிந்தால் யார் கணக்கு?

1998 ஜனவரி 17. வேல்ஸில் லான்ஹாரன், டாண்டு என்ற இரு ஊர்க் கிளப்புகளுக்கு இடையே ரக்பி போட்டி. லான்ஹாரனுக்காக ஆடியது அதன் இரண்டாம் அணி. வார இறுதியில் ஆசைக்கு ஆடுகிறவர்கள். விசில் ஊதிய நடுவரும் அப்படித்தான்.

ரக்பியில் ‘ஸ்க்ரம்’ என்றொரு கட்டம் உண்டு. இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து, ஒருவரையொருவர் முட்டித் தள்ளுவார்கள். மொத்த பாரமும் இறங்குவது முன்வரிசையில் நிற்கும் மூவரின் கழுத்திலும் தோளிலும்தான். அன்று லான்ஹாரனின் முன்வரிசை வீரர் தோளில் அடிபட்டு வெளியேறினார். அந்த இடத்தில் ஆடப் பழகிய மாற்று ஆள் இல்லை. தள்ளாமல் பேருக்கு ஸ்க்ரம் போட்டு ஆட்டத்தை முடிக்கலாம். ஆனால் அப்படி ஜெயித்தாலும் லீக் புள்ளி கிடைக்காது. ஆகவே பின்னால் ஆடுகிற ஒருவர் முன்வரிசைக்கு வந்தார், நடுவரும் விட்டுவிட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் போட்ட ஸ்க்ரமில் முன்வரிசைகள் சரியாகக் கோக்கவில்லை. லான்ஹாரன் முன்வரிசையின் நடுவில் நின்ற ஹூக்கரின் கழுத்து போயிற்று. உடம்பு மீளவே இல்லை.

வழக்கு நடந்தது. விதிப்படி முடிவெடுக்க வேண்டியவர் நடுவர்; அதை அணியிடம் விட்டது தவறு என்றார் நீதிபதி. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இங்கிலாந்தில் 1991இல் ஓர் இளையோர் ஆட்டத்தில், ஸ்க்ரம் பலமுறை சரிந்தும் நடுவர் கண்டுகொள்ளாததால் 17 வயதுப் பையனின் கழுத்து முறிந்தது. அங்கும் பொறுப்பு நடுவர் தலையில்தான் விழுந்தது.

இந்த இருவருக்காவது கைகாட்ட ஓர் ஆள் இருந்தார். 1980இல் பெட்ஃபோர்ட் பள்ளியொன்றில், எதிரணி வீரரைத் தடுத்து வீழ்த்தப் போன 16 வயது மாணவனின் முதுகுத்தண்டு நொறுங்கியது. பள்ளியின் பயிற்சியில் குறையில்லை என்றது நீதிமன்றம். மாணவருக்குக் காப்பீடு எடுப்பதோ, எடுக்கச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுறுத்துவதோ பள்ளியின் சட்டக் கடமை இல்லை என்றும் சொன்னது. இழப்பீடு இல்லை.

அடி ஒன்றுதான், ஒருவருக்குக் கோடி, இன்னொருவருக்கு வெறுங்கை. யாரோ ஒருவர் தவறு செய்தார் என்று நிரூபித்தால்தான் பணம் என்ற ஏற்பாட்டின் விளைவு இது. கிளப்புகள் வைத்திருக்கும் பொறுப்புக் காப்பீடும் இந்த நிரூபணத்தைத்தான் கேட்கும். தனிநபர் விபத்துக் காப்பீடு அப்படிக் கேட்காது. ஆனால் பாலிசியில் எழுதிய தொகைக்கு மேல் ஒரு காசும் தராது.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 1974 ஏப்ரல் முதல் அங்கே விபத்தில் காயப்பட்ட எவருக்கும், தவறு யாருடையது என்று பார்க்காமல், அரசின் விபத்து இழப்பீட்டுக் கழகம் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. வேலைக்குப் போக முடியாதவருக்கு வாரச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ரக்பிக்கும் இதே கணக்கு. பதிலுக்கு, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போகும் உரிமை பறிபோனது.

‘விரும்பி ஆபத்தில் இறங்குகிறவனுக்கு ஊரார் ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பணம் கட்டுகிறவருக்கு விபத்தைக் குறைக்கும் அக்கறையும் தானே வந்துவிடுகிறது. 2001இல் அந்தக் கழகமும் ரக்பி சங்கமும் சேர்ந்து ‘ரக்பிஸ்மார்ட்’ திட்டத்தைக் கொண்டுவந்தன. பயிற்சியாளர், நடுவர் எல்லோருக்கும் ஆண்டுதோறும் கட்டாயப் பாதுகாப்பு வகுப்பு. முந்தைய போக்கின்படி 2001–2005இல் ஸ்க்ரமில் மட்டும் 9 பேருக்கு முதுகுத்தண்டுக் காயம் நேர்ந்திருக்க வேண்டும். நேர்ந்தது ஒருவருக்கு.

எல்லா நாடும் நியூசிலாந்து ஆகிவிட முடியாது. ஆனால் சங்கங்கள் பதிவுக் கட்டணத்திலேயே விபத்துக் காப்பீட்டைச் சேர்க்கலாம். காப்பீடில்லாத அணியைக் களத்தில் இறக்க மறுக்கலாம். ரக்பியோ கபடியோ, முட்டி மோதும் ஆட்டத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரே, பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். நிரந்தர ஊனத்துக்கு எவ்வளவு, மருத்துவமனைச் செலவுக்கு எவ்வளவு என்று படித்துப் பார்த்த பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.