நகரும் வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல டிரக் கதவைத் திறந்து பாருங்க!

ரீல்ஸில் பார்க்கும்போது எல்லாமே அழகுதான். முன்னால் ஒரு பெரிய பிக்-அப் டிரக். அதன் முதுகில் கழுத்தைச் சாய்த்தபடி பின்னாலேயே வரும் ஒரு வீடு. உள்ளே பெரிய கட்டில், கேஸ் அடுப்பு, சோபா, சிலவற்றில் வாஷிங் மெஷின்கூட உண்டு. இந்த வாரம் ஜன்னலைத் திறந்தால் அரிசோனா பாலைவனம், அடுத்த வாரம் மொன்டானா மலை. 'வாடகை கொடுத்தே மாளல... பேசாம இதை வாங்கிட்டுக் கிளம்பிடலாமா?' என்று அமெரிக்காவில் இருக்கும் பலருக்கும் ஒரு தடவையாவது தோன்றியிருக்கும்.

அந்த வீட்டுக்குப் பெயர் ஃபிஃப்த் வீல். ஆர்.வி எனப்படும் பயண வீடுகளில் தாராளமான இடவசதி கொண்ட ரகங்களில் ஒன்று. அங்கே இதை வாங்குவது ரொம்ப ஈஸி. பிரச்னையே அதுதான். குறிப்பிட்ட எடை வரை, பல மாநிலங்களில் கார் ஓட்டும் அதே லைசென்ஸ் போதும். டீலரிடம் கையெழுத்து போட்டுவிட்டு, ஒரு மணி நேரப் பயிற்சிகூட இல்லாமல், ஆறு டன் வீட்டை ஹைவேயில் இழுத்துக்கொண்டு போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால் தடுக்க வேண்டிய கேள்விகளை நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அஞ்சாவது சக்கரம் எங்கே இருக்கு?

தேடாதீங்க, கிடைக்காது. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு வட்டத் தகடு இருந்தது. நான்கு சக்கரத்துக்கு மேல் ஐந்தாவதாக இருந்ததால் அந்தப் பெயர். பிறகு கன்டெய்னர் லாரிகளில் டிரெய்லரை மாட்டும் தகடுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் குட்டி வடிவத்தைத்தான் பிக்-அப்பின் பின்தொட்டியில் பொருத்துகிறார்கள். டிரெய்லரின் மூக்கில் இருக்கும் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை அதில் போய் மாட்டிக்கொள்ளும்.

லாபம் என்னவென்றால், சுமை டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலே உட்காரும். பம்பரில் மாட்டி இழுக்கும் டிரெய்லர்போல காற்றில் வால் ஆட்டாது. நஷ்டமும் அதேதான். அந்தச் சுமை முழுக்க டிரக்கின் முதுகில். அதைத் தாங்குமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி.

ஏன் இப்போ இதைப் பேசணும்?

கொரோனா காலத்தில் ஹோட்டல், விமானம் இரண்டுமே பயமுறுத்தின. ஆபீஸ் வீட்டுக்கு வந்தது. வட்டியும் குறைவு. விளைவு, 2021-ல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி-க்கள் வெளியேறின. அது ஒரு சாதனை. இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் பகுதிதான் இந்தத் தொழிலின் தலைநகரம். அங்கே ஆள் பற்றாக்குறை, பொருள் பற்றாக்குறைக்கு நடுவே தயாரிப்பு ஓடியது. அவசரத்தில் ஃபினிஷிங் சரியில்லை என்ற புகார்களும் கூடவே கிளம்பின.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. ஆபீஸ்களும் ஊழியர்களைத் திரும்பக் கூப்பிட்டன. 2023-ல் உற்பத்தி சுமார் 3.13 லட்சமாகச் சரிந்தது. இரண்டே ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதி. 2024-ல் சுமார் 3.34 லட்சம் என்று லேசாக நிமிர்ந்தது.

இதில் உங்களுக்கு என்ன? உச்சத்தில் வாங்கியவர்கள் பலர் இப்போது விற்கப் பார்க்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் சந்தையில் பேரம் பேச இடம் இருக்கிறது. ஆனால், அதே அவசரக் காலத்தில் தயாரான வண்டிகளும் அங்கேதான் நிற்கின்றன. விலையைப் பார்த்துவிட்டுத் தாவினால், அவர்களின் தலைவலி உங்கள் தலைக்கு மாறிவிடும்.

விளம்பர எண்ணா, கதவு எண்ணா?

டிரக் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இழுவைத் திறன். 'இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும்' என்பார்கள். ஃபிஃப்த் வீல் வாங்குபவரைக் கவிழ்ப்பதே இந்த எண்தான். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. டிரைவர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து இந்த எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. ஒரே மாடல் டிரக்கிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் இது மாறும். அதனால் இணையத்தில் தேடாமல், நீங்கள் வாங்கப்போகும் அந்த வண்டியின் கதவையே பாருங்கள்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. முழுதாக ஏற்றினால் 14,000 பவுண்டு (சுமார் 6,350 கிலோ) வரும் டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக டிரக்கில் இறங்கும்.

கிங்பின் சுமை: 2,800 பவுண்டு
தொட்டியில் பொருத்திய ஹிட்ச்: 200 பவுண்டு
நான்கு பேர் குடும்பம்: 600 பவுண்டு
டூல்ஸ், நாய், இன்ன பிற: 200 பவுண்டு
மொத்தம்: 3,800 பவுண்டு

நகரத்தில் பலர் வைத்திருக்கும் 'ஹாஃப் டன்' பிக்-அப்பின் பேலோடு பெரும்பாலும் 2,000 பவுண்டுக்குள் முடிந்துவிடும். 'முக்கால் டன்' டீசல் டிரக்குகள் பல 3,000-ஐத் தாண்டாது. இந்த டிரெய்லருக்கு 'ஒன் டன்' வேண்டும். அதிலும் பின்னால் நான்கு டயர் உள்ள டூயலி என்றால் நிம்மதி. ஆக, பழைய டிரக்கை மாற்றும் செலவும் வீட்டின் விலையில் சேர்கிறது. டீலர் 'தாராளமா இழுக்கும் சார்' என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது. இழுக்கும்தான். சுமக்குமா, நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

இன்னொரு விஷயம், பிரவுஷரில் இருப்பது காலி வண்டியின் எடை. பாத்திரம், துணிமணி, பேட்டரி, தண்ணீர் எதுவும் அதில் இல்லை. 60 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 500 பவுண்டு ஏறும். அதனால் எப்போதுமே டிரெய்லரின் அதிகபட்ச அனுமதி எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். வாங்கிய பிறகு, சாமான்கள் ஏற்றிய நிலையில், ஹைவே டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் போன்ற எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு சுமை என்று சீட்டு கொடுத்துவிடுவார்கள். செலவு ஒருவேளை சாப்பாட்டு அளவுதான்.

லைசென்ஸ் விஷயத்தையும் விசாரித்துவிடுங்கள். உதாரணமாக, கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். 15,000-ஐத் தாண்டினால் வணிகம் சாராத 'ஏ' வகுப்பு லைசென்ஸே எடுக்க வேண்டும்.

மாட்டுவதில்தான் மேட்டரே இருக்கு

முதல்முறை மாட்டுபவர்கள் செய்யும் காஸ்ட்லி தவறு, தொட்டியின் பின்கதவை இறக்க மறப்பது. டிரெய்லர் மூக்கு அதை அப்பளமாக்கிவிடும். இன்னொன்று, கிங்பின் ஹிட்ச்சின் தாடைக்குள் போகாமல், மேலேயே உட்கார்ந்துகொள்வது. பார்க்க மாட்டியது போலவே இருக்கும். கிளம்பினால் வீடு தொட்டி மேலேயே விழும்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. பின்னை மாட்டி, பூட்டைப் போட்டு, டார்ச் அடித்து நேரில் பாருங்கள். டிரெய்லரின் முன்கால்களைத் தரையிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெதுவாக முன்னே இழுங்கள். நகர மறுத்தால் மாட்டியாச்சு. பிரேக்அவே கேபிளை டிரக்கில் மாட்டுங்கள், ஹிட்ச்சில் அல்ல. வழியில் டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் போடுவது அந்தக் கேபிள்தான். கழற்றும்போது முதல் வேலை, சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது.

உங்களுடையது தொட்டி நீளம் குறைந்த டிரக்கா? கூர்மையான திருப்பத்தில் டிரெய்லரின் மூலை டிரைவர் கேபினின் பின் கண்ணாடியில் மோதலாம். நகரும் ஹிட்ச் என்று ஒன்று கிடைக்கிறது, கேளுங்கள்.

ஓட்டிப் பழக ஞாயிற்றுக்கிழமை காலை காலியாகக் கிடக்கும் ஒரு பெரிய பார்க்கிங் லாட் போதும். திருப்பத்தில் டிரெய்லர் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும் என்பதால் அகலமாகத் திரும்பப் பழகுங்கள். ரிவர்ஸில் சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். பத்து தடவை இறங்கினாலும் கௌரவம் போகாது. பின்னால் நின்று வழி சொல்லும் துணைவரோடு சண்டை வராமல் இருக்க, கை சைகைகளை முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது!

கூகுள் மேப்ஸுக்கு உங்க உயரம் தெரியாது

ஃபிஃப்த் வீல்கள் பலவும் 12.5 முதல் 13.5 அடி உயரம் வரும். டேப் வைத்து, கூரை ஏ.சி-யின் உச்சி வரை நீங்களே அளந்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அதன் உயரத்தை வைத்தே '11 அடி 8 அங்குலப் பாலம்' என்று இணையத்தில் பேமஸ். லாரிகளின் கூரையை டின் மூடிபோல உரித்தெடுக்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2019-ல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அப்போதும் ஃபிஃப்த் வீல் போகாது!

யூட்டாவின் ஸயான் தேசியப் பூங்காவில் 1930-ல் திறந்த சுரங்கச் சாலை இன்னொரு உதாரணம். 11 அடி 4 அங்குலத்தைத் தாண்டிய வண்டிகள் எதிர்ப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத்தான் அதில் போகும் நிலை இருந்தது. 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிகளுக்கு அந்த மலைச்சாலையே கிடையாது, சுற்றித்தான் போக வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் அறிவித்தது.

உயரம் சரியாக இருந்தாலும் கேஸ் சிலிண்டர் மறிக்கும். பால்டிமோர் துறைமுகத்தின் சுரங்கச் சாலைகளில் ஆர்.வி-க்களில் வழக்கமாக இருக்கும் அளவு புரொப்பேன் சிலிண்டருக்குத் தடை. அதற்கு மாற்றாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி இடிந்துவிழுந்தது. அதன் பிறகு நகரின் மேற்குப் பக்கமாகச் சுற்றுவதுதான் வழி. கிளம்பும் முன் ஆர்.வி-க்கான ஜி.பி.எஸ்ஸில் உயரம், எடை, கேஸ் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள்.

டயர், கரன்ட், டேங்க்

டயர்: டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வயசாகிச் சாவதே அதிகம். டயர் ஓரத்தில் 'டாட்' குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால், பட்டன் பளபளவென்று இருந்தாலும் மாற்றுங்கள். பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பு 65 மைல்தான். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் சட்டமே 55 மைல். புதுச் சக்கரம் மாட்டினால், முதல் 50 - 100 மைலுக்குள் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

கரன்ட்: 30 ஆம்ப் வண்டி என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி ஓடும்போது மைக்ரோவேவும் ஹேர் டிரையரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். 50 ஆம்ப் வண்டிக்கு 12,000 வாட் கிடைக்கும். பெரிய ஆபத்து வேறு. 30 ஆம்ப் ஆர்.வி சாக்கெட் 120 வோல்ட். பார்க்க 240 வோல்ட் டிரையர் சாக்கெட் மாதிரியே இருக்கும் என்பதால் எலெக்ட்ரீஷியன்கள் தப்பாக இணைத்துவிடுவதுண்டு. செருகிய நொடியில் வீட்டுச் சாமான்கள் புகையும். மின்னழுத்தத்தைச் சோதித்து அனுமதிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை முதல் நாளே வாங்குங்கள்.

டேங்க்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளியல் தண்ணீருக்கு ஒன்று, டாய்லெட்டுக்கு ஒன்று. கேம்ப்பில் டாய்லெட் டேங்க் வால்வைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது கோபுரமாகக் காய்ந்து நிற்கும். மூடியே வைத்து, நிரம்பியதும் முதலில் அதைத் திறங்கள். பிறகு குளியல் தண்ணீரை விட்டால் குழாயையும் அதுவே கழுவிவிடும். குடிநீர் ஹோஸை இந்த வேலைக்குத் தொடவே கூடாது!

இன்னொரு எச்சரிக்கை: சில மாநிலங்களில், ஓடும் ஃபிஃப்த் வீலுக்குள் ஆட்கள் இருக்க சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் சொன்னாலும் குழந்தைகளை உள்ளே உட்கார வைக்காதீர்கள். அங்கே சீட் பெல்ட் இல்லை.

கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஆர்.வி கடன் 10, 15, ஏன், 20 வருடம் வரைகூடக் கிடைக்கும். மாதத் தவணை சின்னதாகத் தெரியும். ஆனால், வீட்டு விலை ஏறும், இதன் விலை இறங்கும். அதுவும் முதல் சில வருடங்களில் வேகமாக. நீண்ட கடனும் குறைந்த முன்பணமும் சேர்ந்தால், வண்டியை விற்றாலும் கடன் அடையாத நிலை வரும். 2021-ல் வாங்கிய பலரும் சிக்கியது இங்கேதான். 'இது இரண்டாவது வீடு, வட்டிக்கு வரிச்சலுகை உண்டு' என்று டீலர் சொல்லலாம். கட்டில், சமையல், கழிவறை இருந்தால் அது உண்மையும்கூட. ஆனால், நிலையான கழிவை எடுப்பவர்களுக்கு அதனால் பைசா லாபமில்லை.

காருக்கு இருக்கும் 'லெமன் லா' பாதுகாப்பு பல மாநிலங்களில் ஆர்.வி-யின் வசிப்பிடப் பகுதிக்குக் கிடையாது. அதனால் டெலிவரி எடுக்கும் முன்பே, தனியாக ஒரு ஆர்.வி இன்ஸ்பெக்டரை அமர்த்திக் கூரை, ஸ்லைடு, தண்ணீர்க் குழாய், கேஸ் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய வண்டி என்றால் கூரை ஓரங்களில் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால், உள்ளே தண்ணீர் இறங்கி மரம் ஊறிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

வாடகையை மிச்சம் பிடிக்க இதிலேயே குடியிருக்கும் திட்டமா? வாரன்ட்டியின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். நிரந்தரமாகக் குடியிருந்தால் வாரன்ட்டி செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதிவைத்திருக்கின்றன. இன்ஷூரன்ஸும் தனி ரகம் எடுக்க வேண்டும். கேம்ப் வாடகை, டீசல், குளிர்காலத்தில் உறையும் குழாய்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சிலருக்கு அப்பார்ட்மென்ட்டே சீப்பாக வரும்.

எல்லாம் சரிபார்த்து வாங்கியாச்சா, வாழ்த்துகள்! முதல் டிரிப்புக்கு கிராண்ட் கேன்யன் வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், கடை கண்ணி இருக்கும் ஒரு கேம்ப் மைதானத்தில் இரண்டு ராத்திரி தங்குங்கள். ஒழுகுவது, உடைவது, மறந்தது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் உங்க அண்ணனோ ஃப்ரெண்டோ ஆர்.வி ரீல்ஸாக ஷேர் பண்ணிக்கொண்டிருந்தால், இதை அவருக்கு அனுப்புங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி: "உன் டிரக் கதவு ஸ்டிக்கர்ல என்ன நம்பர் போட்டிருக்கு?"