அலைக்கு வழி விடுங்கள்!

காரைக்காலில் பழைய வீடுகள் பல இன்னமும் கம்பீரமாக நிற்கின்றன. திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள். கடற்கரை வெயிலை உள்ளே விடாத அந்தச் சுவர்கள் வேறொன்றையும் எளிதில் விடுவதில்லை என்பதைச் சமீபத்தில்தான் நாம் அறிந்தோம்.

அண்டை வீட்டுப் பெண் வைத்தியப் படிப்புக்குரிய நுழைவுப் பரீட்சைக்குப் படித்து வருகிறாள். பாடங்கள் வைஃபை மூலம் வருகின்றன. வைஃபை பெட்டியோ வாசல் அறையில், இரும்பு பீரோவின் பின்னால்! பின்கட்டில் அவள் பாடம் கேட்கும்போது, முக்கியமான இடத்தில் போதகர் திறந்த வாய் மூடாமல் நின்றுவிடுவார். உடனே புத்தகமும் கையுமாக அவள் தெருத் திண்ணைக்கு ஓடி வருவாள். பரீட்சையோ நெருங்கிக் கொண்டிருந்தது.

“நாலு கொம்பு வைத்த பெட்டி வாங்கப் போகிறேன், சார்! கடன் வாங்கியாவது வாங்கித்தான் தீர வேண்டும்” என்றார் தகப்பனார்.

“கொஞ்சம் பொறுங்கள். முதலில் வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றோம் நாம்.

கணக்கு என்றதும் வாசகர்கள் பயப்பட வேண்டாம். வைஃபையும் ஒளியைப் போன்ற அலைதான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குச் சற்று அதிகம். இரும்பில் பட்டால் திரும்பும்; சுவரில் புகுந்தால் இளைக்கும்; திறந்தவெளியிலும் தூரம் இரட்டித்தால் பலம் நாலில் ஒன்றாகும். 1895-ஆம் வருஷத்திலேயே ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா டவுன்ஹாலில் இத்தகைய அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி மணியடிக்கச் செய்தார். ஆகையால் இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று.

லண்டனில் ஜேஸன் கோல் என்ற பௌதிக ஆராய்ச்சி மாணவர் 2014-ல் தமது குடியிருப்பின் வரைபடத்தை வைத்து, ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டின் மூலம் அலை எங்கெங்கே பரவும் என்று கம்ப்யூட்டரில் கணித்தார். பொறியியல் படிக்கும் நமது பழைய மாணவன் ஒருவனை அழைத்து, அந்த முறையையே கைக்கொண்டோம்.

வீடு 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். ஓர் அலை நீளத்தில் பத்துக் கட்டங்களாவது அடங்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பிரித்தால் 9,60,000 கட்டங்கள்! ஒவ்வொன்றும் காற்றா, செங்கல்லா, இரும்பா என்று குறித்துவிட்டால், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்கிறது. சற்று நேரத்தில் திரையில் வர்ணப் படம் தோன்றிற்று. பீரோவின் பின்னாலிருந்து பின்கட்டு வரையில் கரு நிழல். மாணவன் பெட்டியைப் படத்திலேயே நகர்த்தி, முற்றத்தைப் பார்த்த கூடத்துச் சுவரில் உயரமாக வைத்தான். இருள் விலகியது; திறந்த முற்றமே அலைக்கு ராஜபாட்டையாயிற்று.

மறுநாள் உண்மைப் பெட்டியும் அவ்விடத்துக்குக் குடிபெயர்ந்தது. செலவு, சில கஜம் கம்பி மட்டுமே. பெண் இப்போது பின்கட்டிலேயே அமர்ந்து படிக்கிறாள்.

ஆனால், கணக்கு வேதவாக்கு என்று நாம் சொல்ல மாட்டோம். தரையும் கூரையும் திருப்பும் அலைகளை நமது தட்டையான படம் அறியாது. சுவரின் தன்மையும் உத்தேசந்தான். படம் நன்றாக வரும் என்று சொன்ன ஒரு மூலையில் அலை வரவேயில்லை. போய்ப் பார்த்தால், பாட்டியம்மாளின் பித்தளை அண்டாக்கள் அங்கே வரிசையாக வீற்றிருந்தன! அவற்றை வரைபடத்தில் சேர்க்க நாம் மறந்துவிட்டோம்.

கடைக்குப் புறப்படுமுன் வீட்டை ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். பீரோவையும் அண்டாவையும் மறவாதீர்கள். பெட்டியை நடுவில், உயரத்தில், திறந்த வழியில் வையுங்கள். பிறகும் குறையிருந்தால், தாராளமாக நாலு கொம்பு வாங்கலாம்.