மயிலாப்பூரிலிருந்து காட்டுக்கு ஒரு பாதை

மயிலாப்பூர், தி.நகர்வாசிகளுக்குக் காலை நடை என்றால் நாகேஸ்வர ராவ் பூங்கா, பனகல் பூங்கா, இல்லையென்றால் கடற்கரை. அடையாற்றுக்குப் பக்கத்திலேயே 2.7 சதுர கிலோமீட்டரில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. ஆனால் வெளிமானும் புள்ளிமானும் மேயும் அந்தச் சிறு காட்டுக்குள் கூட்டம் நுழையாமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் நகரத்துப் பிள்ளைகள் காட்டில் கால் பதிப்பது எங்கே?

2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை அவற்றில் ஒன்று. முட்புதர்களைத் தாண்டி நடந்தால், கூழாங்கற்கள் பதிந்த பாறைக் குகை வாய் திறந்து நிற்கிறது. பழைய கற்கால மனிதர் உலவிய நிலம் அது.

உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டுவது திட்டத்தின் பெரிய பலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை மறக்க முடியாது. தீக்காலத்தில் பாதைகளை மூடுவதும், வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்படுவதும் உயிர் காக்கும் ஏற்பாடுகள்.

கட்டணம்தான் எளிய குடும்பங்களுக்குத் தடை. மாநகராட்சிப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது இலவசமாகக் குடியத்துக்கு அழைத்துச் செல்ல வனத்துறையும் கல்வித்துறையும் கைகோக்க வேண்டும். ஒரு பேருந்து, இரண்டு வழிகாட்டிகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் இருந்தால் அடுத்த குளிர்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.