தொழில் ஸ்தாபனங்களை மாணவர் அறிய வேண்டாமா?

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தைப் படியாமல் நம் மாணவர் எவரும் பள்ளியைக் கடப்பதில்லை. ஆயினும், வக்கீல் தொழிலால் ஜீவித்த ஒருவர் கப்பல் வாங்கும் பணத்துக்கு எங்கே போனார் என்று வகுப்பில் எழுந்து கேட்கும் மாணவர் அபூர்வம். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவான அவருடைய சுதேசி நாவாய்ச் சங்கம், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் விற்றுப் பத்து லட்ச ரூபாய் மூலதனம் திரட்டத் தீர்மானித்த கூட்டுப்பங்கு ஸ்தாபனம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக இருந்தார் என்றாலும், இருபத்தைந்து ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கியவரும் அந்தக் கப்பல்களுக்கு ஒரு வகையில் சொந்தக்காரரே.

அதே அக்டோபர் மாதத்தில், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து, அதை மலைபோல் நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. பெயரில் கம்பெனி என்று இருந்தாலும், கூட்டாளிகள் சிலர் தம் பொறுப்பில் நடத்திய ஸ்தாபனம் அது. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே, வி.கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், பங்குதாரர்களின் முதலைக் கொண்டு 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. ஒரு ஸ்தாபனம் எந்த அமைப்பில் நடக்கிறது என்பது வியாபாரிகளுக்கு மட்டும் உரிய விஷயமன்று, சாதாரணக் குடும்பஸ்தனின் வாழ்வையும் தொடுவது என்பதற்கு இவற்றைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. நம் பள்ளிகளோ இதை, பதினோராம் வகுப்பில் வணிகவியலை விரும்பி எடுப்பவர்களுக்கு மட்டுமே முறையாகச் சொல்லித் தருகின்றன. விஞ்ஞானப் பிரிவுக்குப் போகிறவரும், பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ வேலைக்கோ போகிறவரும் இதன் அரிச்சுவடியைக்கூட அறியாமலே உலகத்துக்குள் நுழைகின்றனர்.

அறிய வேண்டியது அதிகம் ஒன்றும் இல்லை. எந்த ஸ்தாபனத்தைக் கண்டாலும், முதல் யாருடையது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விடியும், தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் போதும். தெருமுனை மளிகைக் கடையில் கல்லாவில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு லாபம் முழுவதும் சொந்தம், அதிகாரமும் அவருடையதே. கடைக்காக வாங்கிய கடனைக் கட்ட முடியாமற் போனால், கடைச் சரக்கோடு நில்லாமல் அவருடைய சொந்தச் சொத்தும் போகும். இருவர் மூவர் கூடி நடத்தும் கூட்டு வியாபாரத்தில், 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒருவர் தொழிலின் பெயரால் பட்ட கடன் முழுவதற்கும் மற்றவர்களும் தனித்தனியே பொறுப்பாளிகள். சிநேகத்தை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் குடும்பத்தையே தெருவில் நிறுத்தியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கம்பெனியையோ சட்டம் தனி மனிதரைப் போலவே பாவிக்கிறது. பங்குதாரர் தாம் வாங்கிய பங்கின் தொகைக்கு மேல் இழப்பதில்லை. வங்கிக்குத் தாமே சொந்த ஜாமீன் எழுதிக் கொடுத்தவர் கதை மட்டும் வேறு.

இவற்றுள் எதிலும் அடங்காதது கூட்டுறவு. கிராமத்துப் பால் சங்கத்தில் விடியற்காலையில் போய் நின்றால் அது பிரத்தியட்சமாக விளங்கும். கறவைக்காரர்கள் தூக்குவாளிகளோடு வரிசையில் நிற்க, ஒவ்வொருவர் பாலையும் அளந்து, மாதிரி எடுத்துக் கொழுப்புச் சத்தைச் சோதித்து, அட்டையில் குறித்துக் கொடுக்கிறார்கள். பத்து மாடு வைத்திருக்கும் மிராசுதாரரானாலும் ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கும் விதவையானாலும், உறுப்பினராகிவிட்டால் சங்கத் தேர்தலில் ஆளுக்கு ஒரே வாக்குத்தான். கம்பெனியில் பங்குக்கு வாக்கு. இங்கே ஆளுக்கு வாக்கு. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்னும் மூன்றடுக்கு அமைப்பின் வழியாகத்தான் அந்தப் பால் ஆவின் பாக்கெட்டாக நம் வாசலுக்கு வருகிறது என்பதை, தினமும் அதைக் குடிக்கும் மாணவர் அறிந்திருக்க வேண்டாமா?

அறியாமைக்கு நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. ஊருக்கு ஊர் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்து, வங்கி தராத வட்டியைத் தருவதாக ஆசை காட்டி, கடைசியில் கதவை மூடியபோது, முதலீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பணம் வாங்குகிறவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது எந்தச் சட்டம் என்று கேட்கும் பழக்கம் சிறு வயதிலேயே படிந்திருந்தால், ஏமாந்தவர் தொகை நிச்சயம் குறைந்திருக்கும்.

பாடச் சுமையால் ஏற்கெனவே நசுங்கும் பிள்ளைகள் மீது இன்னொரு பாடமா என்று உபாத்தியாயர்கள் கேட்பது நியாயமே. நான் வேண்டுவது புதிய பாடநூலும் அன்று, பரீட்சை வினாவும் அன்று. பள்ளிப் பிள்ளைகளை இப்போதே வியாபாரிகளாக்கிவிட வேண்டும் என்பதும் என் அபிப்பிராயமன்று. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் சில பாடவேளைகளை ஒதுக்கி, மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, உள்ளூர்க் கடைக்கும், கூட்டாளிகள் நடத்தும் பட்டறைக்கும், பால் சங்கத்துக்கும், கம்பெனி ஆலைக்கும் அனுப்பி, அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வரச் செய்தால் போதுமானது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஸ்தாபனங்கள் தம் பதிவுச் சான்றிதழை எல்லோரும் காணும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. தனியுடைமையா, கூட்டா, கம்பெனியா என்பது அந்தத் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பணச் செலவில்லாமல் கிடைக்கும் பாடநூல் அது.

இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அனைவரும், நாளை ஊழியராகவோ, உறுப்பினராகவோ, பங்குதாரராகவோ, கடன்காரராகவோ ஏதேனும் ஒரு ஸ்தாபனத்தோடு சம்பந்தப்பட்டே தீருவர். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதன் தன்மையை அறியும் உரிமை வணிகவியல் மாணவருக்கு மட்டும் உரியதாக இருப்பது நியாயமன்று. பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதற்கு வழி செய்ய வேண்டும்.