சுமையும் வலிமையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்னும் பழமொழியை நம்மில் அறியாதார் இலர். ஆயினும், சித்திரத்தின்மேல் நாம் வைத்திருக்கும் கருத்தில் பத்தில் ஒரு பங்கேனும் சுவரின்மேல் வைத்திருக்கிறோமா என்று கேட்டால், நாணித் தலைகுனிய வேண்டியவர்களாகவே இருக்கிறோம். நூலகத்தில் இடம் கிடைக்கவில்லையென்று வருந்தும் மாணவர் பலர். தேகப்பயிற்சிக் கூடத்தில் இடம் கிடைக்கவில்லையென்று வருந்தியவரை நான் கண்டதில்லை. அக்கூடம் பந்தயத்தில் ஓடுவோர்க்கும் பந்தாடுவோர்க்குமே உரியது என்றெண்ணி ஏனையோர் ஒதுங்கிவிடுகின்றனர். மாணவிகளோ அதன் வாயிலைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. வலிமைப் பயிற்சி ஒரு சிலருக்கு வாய்த்த அலங்காரம் அன்று, யாவரும் கற்க வேண்டிய கல்வி என்பதே என் துணிபு. தமிழ் பயிலும் மாணவி ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார்க்கு, ஓரளவு தமிழும், பெரிதும் என் அப்பாயியும் என்னை இதன்பாற் செலுத்தினர் என்று விடை கூறுவேன்.

நம் சோழநாடு வலிமையைப் போற்றாத நாடன்று. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற செய்தியைப் புறநானூற்றின் 80 ஆம் பாட்டிற் சாத்தந்தையார் பாடியுள்ளார். அம்மன்னனைப் பாடிய நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவரின் பாட்டுக்களும் அந்நூலில் உள. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பெயர் பூண்டான்; அப்பெயரே மாமல்லபுரத்திற்கு ஆயிற்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பயில்வானாகிய யூஜின் சாண்டோ இந்தியாவிற் சுற்றுப்பயணம் செய்தபின், அவர் பெயரே இங்குப் பலசாலிகளுக்கு ஒரு பட்டமாயிற்று. படமுதலாளி சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரை அறியாதார் யார்? 1920 ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் பயனாகத் தேகப்பயிற்சி கற்பித்தல் ஒரு தொழிலாகவும் கல்வியாகவும் நம் நாட்டில் வேரூன்றிற்று.

இவையெல்லாம் மன்னரையும் மல்லரையும் பற்றிய செய்திகள். நெல்விளையும் இந்நாட்டில் நாள்தோறும் சுமை சுமந்தவர்களோ வேறு. என் தாத்தா ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அப்பாயி திருவையாற்றை அடுத்த எங்கள் சிற்றூரில், குறுவைக்கும் சம்பாவிற்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டவர். நான் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், எடை தூக்கிப் பழகுகிறேன் என்று வீட்டிற் சொன்னபோது, அப்பாயி திகைத்து, “ஏன் ஆயி, மூட்டை தூக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்? உங்க தாத்தா தூக்கினது போதாதா?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. சுமையினின்று விடுதலை பெறுவதற்காகவே ஒரு தலைமுறை தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிற்று. அவ்விடுதலையைப் பெற்ற பேத்தி, தானே சென்று சுமையைத் தூக்குவது பேதைமையாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அன்றியும், ‘உழைப்பவனுக்கு உடற்பயிற்சி வேண்டா; படிப்பவனுக்கு அது பயன்படாது’ என்னும் கருத்து நம்மிடையே பரவியிருக்கிறது. உழைப்பும் பயிற்சியும் ஒன்றென மயங்குவதே இக்கருத்திற்குக் காரணம். பயிற்சியின் அடிப்படை விதிகளை அறிந்தால் இம்மயக்கம் நீங்கும்.

முதல் விதி, சுமை ஆளுக்கேற்ப அமைதலும் படிப்படியாக ஏறுதலும் ஆம். உடல் தான் பழகியதைச் சற்றே மிஞ்சிய சுமையைத் தாங்க நேரும்போது, அடுத்த முறை அதனை எளிதில் தாங்குமாறு தன்னைச் செப்பம் செய்துகொள்ளுகிறது. கிரேக்க நாட்டு மல்லனாகிய மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிவந்தான் என்றும், கன்று எருதாக வளர அவன் வலிமையும் உடன் வளர்ந்தது என்றும் ஒரு பழங்கதை உண்டு. கதையிற் பொதிந்த உண்மையைத் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர் 1945 இல் முறைப்படுத்தி வெளியிட்டார். போரிற் காயமுற்றுத் தசை மெலிந்த வீரர்களை, அவர்கள் பத்து முறை மட்டுமே தூக்கவல்ல எடையை அளவாகக் கொண்டு பயிற்றுவித்தார். முதலில் ஏழு முதல் பத்துச் சுற்றுகள் செய்வித்த அவரே, 1948 இல் வாட்கின்ஸ் என்பவரோடு எழுதிய கட்டுரையில், மூன்று சுற்றுகளே போதும் என்றார்: முதற் சுற்றில் அவ்வெடையிற் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு எடை.

இதனோடு மூட்டை தூக்குவாரின் நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் 40 கிலோ மூட்டைகளாகக் கட்டப்படுகிறது. இருபது வயதினனுக்கும் ஐம்பத்தைந்து வயதினனுக்கும் அதே 40 கிலோதான். முதல் நாளும் அதுவே, முப்பதாம் ஆண்டும் அதுவே. புதிதாக வந்தவனுக்கு அது மிகை. பழகியவனுக்கோ அதனால் மேலும் வலிமை வளர்வதில்லை, தேய்மானமே வளர்கிறது. எத்தனை முறை தூக்குவது என்பதையும் அவன் உடல் முடிவு செய்வதில்லை. லாரி நிறைவதே முடிவு செய்கிறது. பயிற்சியிலோ, இன்னும் ஓரிரு முறை தூக்க வலுவிருக்கும்போதே, முறை பிறழாமல் நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாம் விதி ஓய்வு. தசை சுமையைத் தூக்கும்போது வளர்வதில்லை. தூக்கியபின் உண்டு உறங்கும்போதே வளர்கிறது. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு நாள்வரை தசையிற் புரதம் கட்டப்படும் வேலை விரைந்து நடக்கிறது. ஆகையால், ஓர் உறுப்பிற்குக் கடும் பயிற்சி அளித்தபின் இரண்டு நாள் இடைவெளி விடுதல் நலம். அறுவடைக் காலத்து ஆளுக்கு அவ்விடைவெளி ஏது? தொடக்கத்தில் விரைந்து பெருகும் வலிமையைக் கண்டு செருக்குறுதலும் ஆகாது. முதற் சில வாரங்களில் நாம் பெறும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் தசைகளைத் திறம்பட ஏவக் கற்றதன் விளைவே; தசை தடித்தல் பின்னரே மெல்ல நிகழும். இதனை அறியாமல் இரண்டாம் வாரத்திலேயே பெருஞ்சுமையைத் தூக்க முயன்று, பத்து நாள் குனிய முடியாமல் வருந்தியவள் நான். பிழை என்னுடையதே, அவசரம் என் ஆசான்.

மூன்றாம் விதி, எதனைப் பயில்கிறோமோ அதுவே கைவரும் என்பது. நாள் முழுதும் குனிந்து நட்டவர்க்கு நெடுநேரம் குனிந்திருக்கும் ஆற்றல் உண்டாகலாம். முதுகை நிமிர்த்தும் ஆற்றலும், தரையினின்று எழும் ஆற்றலும் அதனால் உண்டாகா. நாற்பதாண்டு உழைத்த என் அப்பாயி, சுவரையோ அம்மிக்கல்லையோ பற்றாமல் தரையிலிருந்து எழ இயலாதவராய் இருந்தார். ஆதலால் ஒரு பயிற்சிமுறை, உட்கார்ந்தெழுதல், தள்ளுதல், இழுத்தல், இடுப்பை மடக்கி நிலத்திலிருந்து எடுத்தல், சுமந்து நடத்தல் ஆகிய ஐந்தையும் உட்கொண்டு, உடலின் எல்லாப் புறத்தையும் சமமாகப் பேணவேண்டும்.

நான்காவது, உணவு. உழைத்த உடலுக்குக் கஞ்சி மட்டும் ஊற்றிவிட்டு வலிமையை எதிர்பார்த்தல், செங்கல்லின்றிச் சுவரெழுப்ப முயல்வதை ஒக்கும். பயிற்சி செய்பவர் ஒருவர்க்கு உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர்க்கு 60 முதல் 80 கிராம். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உண்டு. உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம். அரிசியிற் குறைவான லைசின் என்னும் கூறு உளுந்தில் மிகுதி. உளுந்திற் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. சம்பா தாளடிப் பயிர் அறுவடைக்கு நிற்கும்போதே ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயற்றையும் விதைக்கும் நம் டெல்டா உழவர், இவ்விரண்டையும் ஒரே வயலில் விளைக்கின்றனர். இட்லிக்கு உளுந்து குறைத்து அரிசி கூட்டும் விடுதிச் சமையலைத் திருத்தினாலே பாதிக் குறை தீரும். முட்டை, மீன், பால், நிலக்கடலை ஆகியவை மீதியை நிரப்பும். விலையுயர்ந்த பொடிகள் கட்டாயம் அல்ல. விரைவில் உடல் பருக்க விற்கப்படும் ஊக்க மருந்துகளோ நஞ்சென்று விலக்கத்தக்கன.

இனி, பெண்கள் எடை தூக்கினால் ஆண்தன்மை எய்துவர் என்னும் அச்சத்தைப் பற்றி ஒரு சொல். தசையைப் பெரிதும் பருக்கச் செய்யும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு பெண்களுக்கு ஆண்களினும் பன்மடங்கு குறைவு. ஆதலின் வலிமை பெருகுமேயன்றி வடிவம் திரியாது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆந்திர நாட்டுக் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 49 கிலோ எடைப்பிரிவில் மணிப்பூரின் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். நாம் பதக்கம் பெற வேண்டியதில்லை. ஆயினும் மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து அடர்த்தி இழக்கிறது. இளமையிற் சுமை தாங்கிப் பழகிய எலும்பே முதுமைக்குச் சேமிப்பாகும். உண்ட சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய களஞ்சியமும் தசையே. 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடையர் என மதிப்பிட்டது. இந்நிலையில் உலக சுகாதார நிறுவனம், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று கூறுவதைப் புறக்கணித்தல் தகுமோ?

நம் தாத்தாமார் செய்த வேலையை இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் செய்கின்றன. அது நன்றே; யாரும் அத்துன்பத்திற்குத் திரும்ப வேண்டா. ஆயின், உழைப்பும் போய்ப் பயிற்சியும் வாராத இடைவெளியில் நாம் நிற்கிறோம். ஆதலால், நம் கல்லூரி நிருவாகத்தாரைப் பணிவுடன் ஒன்று வேண்டுகிறேன். வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொரு மணி நேரம், பயிற்சிக் கூடம் மாணவிகளுக்கென ஒதுக்கப்படுக. போட்டிக்குச் செல்லாத மாணவர்க்கும் அவ்வாறே தனி நேரம் தரப்படுக. 5 கிலோ முதல் 30 கிலோ வரை மணல் நிரப்பிய பைகளும், தொங்கி இழுக்க ஓர் இரும்புக் கம்பியும், உறுதியான சில பலகைகளும் இருந்தாற் போதும். முதல் நான்கு வாரம் ஆசிரியர் ஒருவர் முறையைக் கற்பிக்கட்டும். ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. எல்லாச் சுற்றிலும் 12 எளிதானபின் மிகச் சிறிய அளவில் எடையை ஏற்றுதல். இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல். இவ்வளவே வேண்டுவது.

இதற்கு வயது கடந்துவிட்டது என்பாரும் உளர். 1990 இல் மரியா ஃபியட்டரோன் என்னும் மருத்துவரும் குழுவினரும், 90 வயதை ஒட்டிய முதியோர்க்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்தபோது, அவர்கள் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடிற்று. இதனைப் படித்த பின்னரே, மருத்துவரைக் கேட்டு, என் அப்பாயியை நாற்காலியில் அமர்ந்தெழப் பழக்கினேன். முதலில் கையூன்றி ஐந்து முறை, பின்னர்க் கையூன்றாமல், அதன்பின் அரிசிப் பை ஒன்றை மார்போடு அணைத்து. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், கட்டிலிலிருந்து எதனையும் பற்றாமல் எழுந்து நின்றார். தரையிலிருந்து எழ இன்னும் சுவர் வேண்டியிருக்கிறது. ஆயினும் அம்மிக்கல்லைத் தேடுவதில்லை.

அன்று அவர் கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் விடை உண்டு. தாத்தா தூக்கிய மூட்டையின் எடையைப் பிறர் குறித்தனர். நான் தூக்கும் எடையை நானே குறிக்கிறேன். அவர் சுமந்ததற்குக் கிடைத்தது கூலி. நான் சுமப்பதில் எனக்குக் கிடைப்பது என் உடல். அவர் விரும்பியும் பெறாத ஓய்வையும் உணவையும் அளவையும் கொண்டு அதே சுமையை நன்மையாக்குவது, அவர் உழைப்புக்கு நாம் செய்யும் இகழ்ச்சி ஆகாது, நன்றியே ஆகும். சகோதரிகளே, சகோதரர்களே, இவ்வாரமே தொடங்குவோம். சிறிய சுமையோடு தொடங்குவோம்.