தூக்க மாத்திரை அட்டையைக் கைமாற்றாதீர்கள்
சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்



இரவில் மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சிபேப் இயந்திரத்தின் மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்து எழுதும் கடிதம் இது. எங்களில் பலர் சிராங்கூன் சாலையைச் சுற்றியே வாழ்கிறோம். மற்றவர்கள் ஈசூனிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் ஜூரோங்கிலிருந்தும் வருகிறார்கள். அவ்வப்போது தேக்காவில் கூடி, எந்த மாஸ்க் மூக்கை அழுத்துகிறது, எந்தக் குழாய் விரிசல் விடுகிறது என்று பேசிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். நாங்கள் மருத்துவர்கள் இல்லை, பொதுமேடை ஏறியவர்களும் இல்லை. சென்ற மாதம் நடந்ததற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்களில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியா அவருக்குக் கடுமையாகவே உண்டு. மாஸ்க் அழுத்தி மூக்குத் தண்டில் புண் வந்ததால் சில நாட்களாக இயந்திரத்தை ஓரங்கட்டி வைத்திருந்தார். தூக்கமும் வரவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த கொழுந்தியாள், "இப்படிப் புரண்டுக்கிட்டே கிடக்கிறீங்களே அத்தான், இதைப் போட்டுக்குங்க, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கலாம்" என்று மாத்திரை கொடுத்தார். பாசத்தில் செய்த காரியம். முதல் நாள் பாதி, மறுநாள் முழுதாக ஒன்று. அன்றே சளிக்காக ஒரு கிளினிக்கில் வாங்கிய மாத்திரையும் உள்ளே போயிருந்தது. அதுவும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைதான். விடியற்காலையில் குறட்டைச் சத்தம் கேட்காமல் மனைவி கண் விழித்தபோது அவருடைய உதடு கறுத்திருந்தது. எழுப்பினால் எழவில்லை.

995 அழைத்து ஆம்புலன்ஸ் வந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிட்டார்?" வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தார்கள். கோடாலித் தைலம், பனடால், பழைய கண் சொட்டு மருந்து, நடுவே கத்தரிக்கோலால் வெட்டிய ஒரு அட்டைத் துண்டு. நாலு மாத்திரை கொள்ளும் துண்டு, இரண்டு குழி காலி. மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அச்சிட்ட பகுதி இன்னொரு உறவினர் வீட்டுக்குப் போன துண்டில் இருந்தது. என்ன மருந்து என்று அந்த அறையில் யாராலும் சொல்ல முடியவில்லை. சுவாசக் கருவியின் உதவியோடு அவர் பிழைத்து வந்தார். வண்டி ஓட்ட இன்னும் போகவில்லை.

இதை நாங்கள் விபத்து என்று சொல்ல மாட்டோம். இந்த அட்டைத் துண்டுகள் நம் வீடுகளில் ஊறுகாய் பாட்டிலைப் போல் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னதும், "எங்க வீட்டிலயும் இருக்கு" என்று எத்தனை பேர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள் தெரியுமா? அல்பிரஸோலம், டயஸபாம், ஸோல்பிடம் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. அவற்றில் பல, யாருடைய பெயருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரைகள்.

ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பவர்களுக்காக உடம்பில் நடப்பதைச் சொல்கிறோம். ஸ்லீப் அப்னியா உள்ளவர் தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடியும் அதற்கு மேலும் மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கரியமில வாயு ஏறும். மூளை அதைக் கண்டுகொண்டு ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு திணறல், ஒரு பெருங்குறட்டை, மூச்சு திரும்பும். மணிக்கு 5 முதல் 15 முறை இப்படி நடந்தால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். கடுமையானவர்களில் சிலருக்கு நிமிடத்துக்கு ஒருமுறை கூட நடக்கும். தூக்கத்தைக் கெடுக்கும் அந்த அரைகுறை விழிப்புதான் அவர்களுடைய உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அல்பிரஸோலம், டயஸபாம் போன்ற பென்சோடயஸபைன் வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், கரியமில வாயு ஏறுவதை உணரும் மூளையின் திறனை மந்தமாக்கும், விழிப்பைத் தாமதப்படுத்தும். மதுவோ, வலிக்கான ஓபியாய்டு மருந்தோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஓபியாய்டையும் பென்சோடயஸபைனையும் ஒன்றாக எடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் தன்னுடைய மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை விடுத்தது. மூச்சு நின்று மரணம் நேரலாம் என்பதே காரணம்.

"எனக்கு அந்த நோயெல்லாம் இல்லை" என்று சொல்லப் போகிறீர்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்? சிங்கப்பூரில் நடத்தி 2016இல் 'ரெஸ்பிராலஜி' இதழில் வெளியான ஆய்வு, இங்குள்ள பெரியவர்களில் 30.5 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, நடுத்தரமான அல்லது கடுமையான தூக்க மூச்சுத்தடை இருப்பதாக மதிப்பிட்டது. அப்படி இருந்தவர்களில் 91 விழுக்காட்டினர் அதுவரை கண்டறியப்படாதவர்கள். உலக அளவில் 30 முதல் 69 வயதுக்குள் 93.6 கோடிப் பேருக்கு இந்த நோய் ஏதோ ஓர் அளவில் இருப்பதாகவும், அவர்களில் 42.5 கோடிப் பேருக்கு நடுத்தரம் அல்லது கடுமை என்றும் 2019இல் 'லான்செட்' குழும இதழ் ஒன்று கணக்கிட்டது. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் வருவது என்ற நினைப்பும் தவறு. தாடை அமைப்பு காரணமாக ஒல்லியானவர்களுக்கும் ஆசியர்களிடையே இது வருகிறது. ஆகவே, நள்ளிரவில் விழிப்பு வருகிறது, காலையில் தலைவலிக்கிறது, பகலில் கண் செருகுகிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வேண்டியது மாத்திரையா பரிசோதனையா என்பது நம்மில் யாருக்கும் தெரியாது. தூக்கமின்மை என்று அவர் நினைப்பது மூச்சடைப்பாகவே இருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், பிறகு எங்கள் மீது பழி வரக்கூடாது. தூக்க மாத்திரையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லா மாத்திரையும் எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதும் இல்லை. ஸ்லீப் அப்னியா உள்ளவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மையும் சேர்ந்தே இருக்கிறது. முகத்தில் மாஸ்க்கோடு முதல் சில வாரங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியாததா? அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சிபேப் தொடங்கிய 160 பேரில் ஒரு பகுதியினருக்கு முதல் 14 இரவுகள் மட்டும் எஸ்ஸோபிக்ளோன் என்ற தூக்க மாத்திரையைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் மற்றவர்களைவிட இரவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் 2019இல் 145 பேரிடம் செய்த ஆய்வில் மாத்திரையே தரவில்லை. ஒரு பகுதியினருக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சிபேப் தொடங்கினார்கள். அவர்களும் மற்றவர்களைவிட இரவுக்கு 61 நிமிடம் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். இரண்டிலும் நோய் முதலில் கண்டறியப்பட்டிருந்தது, இயந்திரம் ஓடியது, மருத்துவர் கவனித்தார். எங்கள் நண்பருக்கு இயந்திரம் ஓரத்தில் கிடந்தது, மாத்திரை மட்டும் உள்ளே போனது. அந்த வேறுபாடுதான் எல்லாமே.

அந்த அட்டைகள் ஊரிலிருந்து எப்படி வருகின்றன என்பதும் நமக்குத் தெரியும். இந்தியாவில் அல்பிரஸோலமும் ஸோல்பிடமும் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, மருந்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்தவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி, ஆனால் தெரிந்த கடையில் வாய்வார்த்தைக்கே கிடைக்கிறது. சிங்கப்பூருக்குள் கொண்டுவர மனப்பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமான இத்தகைய பல மருந்துகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். பெட்டியில் புடவைக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறவர்களை நாங்கள் கேட்கிறோம்: அதை விழுங்குபவருக்கு ஏதாவது ஆனால், பொறுப்பு யார்?

இங்குள்ள கிளினிக்குகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பென்சோடயஸபைன் எழுதிக் கொடுப்பதற்குச் சுகாதார அமைச்சு 2008இலேயே விதிமுறை வெளியிட்டது. மொத்தம் 8 வாரத்தைத் தாண்டினால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. விதியை மீறித் தூக்க மாத்திரை எழுதித் தள்ளிய மருத்துவர்கள் பலரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் தண்டித்திருக்கிறது, பணி இடைநீக்கம் செய்திருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது. சளி மாத்திரையோ தூக்க மாத்திரையோ எழுதும் முன் "குறட்டை விடுவீர்களா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்ற இரண்டு கேள்விக்கு அரை நிமிடம் போதும். எங்களில் பெரும்பாலோரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. கூடவே, வயதான அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகளே, "அவருக்குத் தூக்கம் வரலை" என்பதோடு நிறுத்தாதீர்கள். இயந்திரம் வைத்திருப்பதையும், அதைக் கழற்றிவிட்டுத் தூங்குவதையும் சொல்லுங்கள். மறைத்தால் மருத்துவரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் எழுதுவார்.

ஓட்டுநர்கள் விஷயத்தில் எங்களுக்குத் தாட்சண்யம் இல்லை. 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் ரயில் தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கண்டறியப்படாத ஸ்லீப் அப்னியா இருந்தது விசாரணையில் தெரியவந்தது. மாத்திரையின் வேலை விடிந்ததும் நின்றுவிடுவதில்லை. மறுநாள் காலையிலும் வண்டி ஓட்டும் திறனைக் குறைக்கும் அளவுக்கு ரத்தத்தில் மிஞ்சுகிறது என்பதால்தான், 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கான ஸோல்பிடம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தார்கள். சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மதுவோடு மருந்தின் போதையையும் சேர்த்தே சொல்கிறது. விடியற்காலையில் பேருந்தும் லாரியும் டாக்சியும் எடுக்கும் நம் ஆட்கள் எத்தனை பேர்? லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும் தம்பிகளின் உயிரும் அந்த ஓட்டுநர் இரவில் என்ன விழுங்கினார் என்பதில் இருக்கிறது. தங்கும் விடுதியில் குறட்டை விடுபவரைக் கேலி செய்து, "மருந்தைக் குடிச்சிட்டுப் படு" என்று இருமல் மருந்தை நீட்டும் நண்பர்களும் இதைக் கேளுங்கள்: அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

இனி எங்கள் வேண்டுகோள். ஒருவருக்கு எழுதிய தூக்க மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், பாதி மாத்திரையானாலும் சரி. வீட்டில் உரக்கக் குறட்டை விட்டுத் திணறுகிறவர் இருந்தால், மாத்திரை பற்றிப் பேசும் முன் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால் டான் டோக் செங், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, சாங்கி போன்ற அரசு மருத்துவமனைகளில் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். இயந்திரம் வைத்திருப்பவர்களே, மாஸ்க் கசிந்தாலும் அழுத்தினாலும் அதை மாற்றக் கேளுங்கள். வேறு அளவு இருக்கிறது, மூக்குத் துளையில் மட்டும் வைக்கும் வகை இருக்கிறது, காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது. கழற்றி வைத்துவிட்டு மாத்திரையைத் தேடாதீர்கள். மருத்துவர் சொல்லித் தூக்க மாத்திரை எடுத்தால், மாஸ்க் போடாத இரவில் அதைத் தொடலாமா என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் சோபாவில் சாயும் குட்டித் தூக்கத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

இதைப் படித்துவிட்டு, பல மாதமாகத் தினமும் எடுத்துவரும் மாத்திரையை இன்றிரவே தூக்கியெறிந்தும் விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய் வருகிறவர்கள் முறுக்கு கொண்டு வாருங்கள், புடவை கொண்டு வாருங்கள். யாராவது தூக்க மாத்திரை கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.