ஆபீசு யாருக்காக?

திங்கட்கிழமை காலை. கலெக்டர் ஆபீசில் மக்கள் குறை தீர்க்கும் நாள். ஜவ்வாது மலையில் பஸ் ஏறி, திருவண்ணாமலைக்கு மனு கொடுக்க ஒரு வயதான அம்மாள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆபீசு வாசலில் அவர் கண் முதலில் எதைத் தேடும்? அதிகாரியை அல்ல. உட்கார ஓர் இடம். குடிக்கத் தண்ணீர். எந்த அறைக்குப் போக வேண்டும் என்று பெரிய எழுத்தில் சொல்லும் பலகை.

இந்த மூன்றும் இல்லை என்றால், கோடி ரூபாய் கொட்டிக் கட்டினாலும் அது வெறும் கட்டிடம்தான். ஆபீசு அல்ல!

குனிய வைக்கும் ஜன்னல்

பல ஆபீசுகளில் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. அதில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டை அவர் உயரத்துக்கு இருக்கிறது. வெளியே நிற்பவர் இடுப்பை வளைத்துக் குனிந்து பேச வேண்டியிருக்கிறது. இவர் சொல்வது அவர் காதில் விழாது. இருவரும் கத்துவார்கள். கோபம் வரும்.

இருவர் மீதும் குற்றம் இல்லை. குற்றம் ஜன்னல் மீது!

வெளியே ஒரு நாற்காலி போட்டால் போதும். இருவரும் முகம் பார்த்துப் பேசலாம். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

உள்ளே இருப்பவர் பாடும் லேசானது அல்ல. அவர் நாள் முழுவதும் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், வெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பாதம் தரையில் நன்றாகப் படிய வேண்டும்.

ஆனால் நெட்டையானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே அளவு நாற்காலிதான் வாங்குகிறார்கள். செருப்புக் கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே அளவு செருப்புக் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா?

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று

அமெரிக்காவில் ராபர்ட் புரோப்ஸ்ட் என்று ஒருவர் இருந்தார். ஆபீசில் மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்துப் பார்த்தார். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது உடம்புக்கு ஆகாது என்று கண்டார். நின்றுகொண்டே எழுதும் மேஜை, விருப்பம்போல் மாற்றி அமைக்கும் தடுப்பு என்று புதிய சாமான்களைத் திட்டமிட்டார். 1964-லும் 1968-லும் அவை விற்பனைக்கு வந்தன.

கம்பெனி முதலாளிகள் என்ன செய்தார்கள்? தடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். குறைந்த இடத்தில் நிறையப் பேரை அடைத்தார்கள். ஆபீசு தீப்பெட்டி ஆயிற்று! பிற்காலத்தில் புரோப்ஸ்ட்டே அதைக் கண்டு மனம் நொந்தார்.

நல்ல திட்டமும், மனிதனை மறந்தால் கெட்டுப் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

உட்காரவும் ஒரு சட்டம்

ஜவுளிக்கடைகளில் பெண்கள் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்தார்கள். கால் வீங்கியது. நரம்பு சுருண்டது. கேரளத்தில் 2018-ம் ஆண்டு இதற்குச் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டிலும் 2021-ம் ஆண்டு, கடைகள் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்பது இப்போது சட்டம்.

பொதுக் கட்டிடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்து போக வசதி வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம்.

ஒரு நாற்காலிக்கும் ஒரு சாய்தளத்துக்கும் சட்டம் போட வேண்டியிருக்கிறது! இது பெருமையா? கட்டும்போதே நினைத்திருந்தால் சட்டத்துக்கு வேலையே இல்லை.

செலவு ஆகாதா?

"இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் 1970-களில் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினார். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவர் எழுப்பினார். காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, வெயில் வரவில்லை. செலவும் குறைந்தது.

கத்திரி வெயில் கொளுத்தும் ஊரில் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்துவிட்டு, பிறகு குளிர் இயந்திரத்துக்குக் கரண்டு கட்டணம் கட்டுவதுதான் வீண் செலவு!

முன்னோர் காட்டிய வழி

திருவண்ணாமலையில் 217 அடி ராஜகோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கிரிவலப் பாதையில் உள்ள பழைய கல் மண்டபங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 14 கிலோமீட்டர் நடப்பவனுக்குக் கால் வலிக்கும் என்று, கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோபுரம் கட்டிய ஊர், களைத்தவன் உட்காரத் திண்ணையையும் மறக்கவில்லை.

புதிய ஆபீசு கட்டுகிறவர்கள் வரைபடம் போடும் முன்பு இரண்டு பேரைக் கேட்க வேண்டும். ஒருவர், உள்ளே உட்காரப் போகிற குமாஸ்தா. மற்றவர், மனுவோடு வரப்போகிற அந்த அம்மாள்.

அவர்கள் இருவருக்காகத்தானே ஆபீசு?